என் மனைவிக்குப் பாஸ் இல்லை, பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். என் மனைவி புதுக்கோட்டைப் பக்கம். 2012இல் சுற்றுப்பயணப் பாஸில் வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தார். பாஸ்போர்ட்டை ஏஜெண்டு வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. அடுத்த வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். பதிவு செய்யவில்லை. மகளுக்கு 11 வயது, தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். அவள் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், என் பெயர் இருக்கிறது, ஆனால் 'புக்கான் வார்கானெகாரா', குடிமகள் இல்லை, என்று போட்டிருக்கிறார்கள். மகனுக்கு 4 வயது. அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் பிறந்தான். பயத்தில் இன்னும் பிறப்பைப் பதியவில்லை. எல்லாக் காகிதமும் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.

போன வாரம் வீட்டில் ஒரு படம் பார்த்தோம். அமெரிக்காவில் பேப்பர் இல்லாத ஓர் அம்மாவை நாடு கடத்தப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் நீதிபதி முன்னால் அழுகிறார்கள். பாதியில் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கழுவ ஒன்றுமில்லை, ஆனால் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மகள் என்னிடம், "அப்பா, அம்மாவையும் இப்படிப் பிடிப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் என்ன செய்யவேண்டும்?

வழக்கறிஞர் பதில்:

தம்பி, மகள் கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடிக்கலாம். எந்த நாளிலும் பிடிக்கலாம். பாஸ் முடிந்த பிறகும் தங்கியிருப்பது மலேசியாவின் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் குற்றம். குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை முடிந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். குடிநுழைவுத் தடுப்பு டெப்போவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானம் ஏற்றுவார்கள். பாஸ் இல்லாதவருக்கு வீட்டில் இடம் கொடுத்ததற்கு உங்கள் மேலும் வழக்குப் போடலாம், அதுவும் சிறை வரை போகிற குற்றம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் என்னைத் தேடி வந்தது மனைவியைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள்.

நீங்கள் பார்த்த படத்தை அப்படியே உங்கள் வீட்டின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள். அது அமெரிக்கச் சட்டத்தின் மேல் நிற்கிற கதை. அங்கே வெளியேற்ற வழக்குகளை விசாரிக்கவென்றே குடிநுழைவு நீதிபதிகள் இருக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்த தாய், தான் போனால் குடியுரிமையுள்ள தன் பிள்ளை சாதாரணமாக யாரும் படாத பாடு படும் என்று நிரூபித்தால், வெளியேற்றத்தை ரத்துச் செய்ய அந்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வந்ததும் 1868இல் அவர்களின் அரசமைப்பில் சேர்த்த 14ஆவது திருத்தத்தால்தான். அந்த உரிமையையும் 2025இல் அந்நாட்டு அரசு சுருக்கப் பார்த்தது. எப்படியோ, பிள்ளை அழுவதைக் கேட்க அங்கே ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நம் நாட்டில் அந்த நாற்காலி கிடையாது. இங்கே நீதிமன்றம் விசாரிப்பது பாஸ் இல்லாமல் தங்கிய குற்றத்தை மட்டும். வெளியேற்றும் உத்தரவு குடிநுழைவுத் துறையின் கையில் இருக்கிறது. அந்த முடிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதையும் அதே சட்டத்தின் 59ஏ பிரிவு பெரும்பாலும் அடைத்து வைத்திருக்கிறது. நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றினார்களா என்று மட்டுமே கேட்கலாம். ஆகவே பிடிபட்ட பிறகு வாதாடிக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றப் போவது, பிடிபடுவதற்கு முன்னால் நீங்கள் செய்கிற வேலையும், அதை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது கொஞ்சம் வலிக்கும். படத்தில் ஆபத்து அம்மாவுக்கு மட்டும். உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் நிலை உறுதியாக இல்லை.

"நான் மலேசியன், பிள்ளை இங்கேதான் பிறந்தது, அப்புறம் எப்படி வார்கானெகாரா இல்லை?" என்று கேட்பீர்கள். தோட்டத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. அரசமைப்பின்படி, இங்கே பிறந்த பிள்ளையின் தாய் தந்தையரில் ஒருவர் குடிமக்களாக இருந்தால் பிள்ளையும் குடிமகன். ஆனால் இரண்டாம் அட்டவணையில் 17ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பெற்றோருக்குச் சட்டப்படி திருமணம் ஆகியிருக்கவில்லை என்றால், 'தந்தை' என்றும் 'பெற்றோரில் ஒருவர்' என்றும் வருகிற இடத்தில் எல்லாம் 'தாய்' என்று படிக்கவேண்டும் என்கிறது அது. அவ்வளவுதான். நீங்கள் பெற்ற பிள்ளை, உங்கள் மூக்கும் நெற்றியுமாக இருக்கிற பிள்ளை, சட்டத்தின் கண்ணுக்குத் தாயின் வழியில் மட்டுமே போகிறது. சான்றிதழில் உங்கள் பெயர் இருப்பது இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டதால். குடியுரிமைக்கு அது போதாது. டிஎன்ஏ எடுத்துக் காட்டினாலும் இந்தப் பிரிவு அசைந்துகொடுக்காது.

தாலி கட்டியது திருமணம் இல்லையா? எனக்கு அது திருமணம்தான், உங்கள் ஊருக்கும்தான். ஆனால் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவதைக் கட்டாயமாக்கியது. பதியாத ஒரே காரணத்தால் திருமணம் செல்லாமல் போகாது என்று பொருள்படும் 34ஆவது பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் உண்டு. தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன் கவுண்டரில் அந்த வாதத்தைக் கேட்க யாரும் இல்லை. கோயில் ரசீதும் கல்யாணப் படமும் கொண்டுபோனால் தலையை ஆட்டித் திருப்பித் தருவார்கள்.

இனிமேல் பதிந்தால் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை வந்துவிடுமா என்றால், அதை நம்பி இருக்கவேண்டாம். 2021 மே 28இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் 4-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. மலேசியத் தந்தை, பிலிப்பைன்ஸ் தாய். பிள்ளை அங்கே பிறந்தது, பெற்றோர் பிறகு இங்கே வந்து திருமணத்தைப் பதிந்தார்கள். பிறந்த நேரத்தில் நிலை என்னவோ அதையே பார்க்கவேண்டும் என்றார்கள் நான்கு நீதிபதிகள். ஒரே ஒரு வாக்கில் போன வழக்கு. அந்தத் தீர்ப்பு வந்த அன்று என் அலுவலகத்தில் மூன்று குடும்பங்களின் கோப்புகள் மேசை மேல் இருந்தன. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சரி, வழி என்ன? பிள்ளைகளுக்கு உள்ள வழி அரசமைப்பின் 15ஏ பிரிவு. விசேஷச் சூழ்நிலை இருப்பதாக அரசாங்கம் கருதினால், 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் குடிமகனாகப் பதியலாம் என்கிறது அது. 2024இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் அந்த வயதை 18 ஆகக் குறைக்கிறது, அதனால் "இன்னும் காலம் இருக்கு" என்று உட்காராதீர்கள். இது உரிமை இல்லை, விண்ணப்பம். பதில் வர ஆண்டுகள் ஆகலாம், காரணம் சொல்லாமல் மறுக்கவும் செய்யலாம், மறுத்தால் மறுபடி போடவேண்டும். மகளின் வகுப்புப் பிள்ளைகள் 12 வயதில் மைகார்ட் அடையாள அட்டை எடுக்க வரிசையில் நிற்பார்கள், அவள் நிற்க மாட்டாள். அதற்கு முன்னாலேயே அவள் கோப்பு ஜேபிஎன்னுக்குள் போயிருக்கவேண்டும்.

ஆனால் மகளுக்கும் முன்னால் மகன். அவன் பிறந்ததற்கு இன்றைக்கு ஓர் அரசாங்கக் காகிதமும் இல்லை. தீபகற்பத்தில் பிறப்பை 60 நாளுக்குள் பதியவேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, விசாரணை, கூடுதல் ஆவணங்கள். அலைச்சல்தான், ஆனால் முடியும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தந்தை பெயர் ஏறவேண்டுமானால் தாயும் தந்தையும் சேர்ந்து கேட்கவேண்டும், இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். உங்கள் மனைவி பிடிபட்டு ஊருக்குப் போய்விட்டால் அந்தக் கையெழுத்தை எங்கே போய் வாங்குவீர்கள்? அவன் தந்தை பெயரும் இல்லாமல், தாயும் பக்கத்தில் இல்லாமல், எந்த நாட்டுக் கணக்கிலும் வராத பிள்ளையாக நிற்பான். என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் உங்கள் மனைவியின் பாஸைவிட அவசரமான விஷயம் இது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி.

நீங்கள் இருவர் மட்டும் கவுண்டருக்குப் போகவேண்டாம். ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. தோட்டப்புறத்தில் ஆவணமில்லாத நம் மக்களுக்காகவே பல ஆண்டுகளாக வேலை செய்யும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா இருக்கிறது. குடியேறிகளுக்காக ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகானித்தா இருக்கிறது. இவர்களில் ஒருவரை முன்கூட்டியே பார்த்து, கோப்பைத் தயார் செய்து, அவர்கள் ஆள் கூட வர, போங்கள்.

இப்போது மனைவி. நீங்கள் கேட்க விரும்பாத பதிலைத்தான் சொல்லப் போகிறேன்: பிள்ளைகளின் விண்ணப்பங்கள் உள்ளே போன பிறகு, அவர் தானாகவே ஊருக்குப் போய், முறையான வழியில் திரும்பி வரவேண்டும். இங்கே இருந்தபடியே திருமணத்தைப் பதிய, செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் பாஸும் கேட்பார்கள். அவரிடம் இரண்டும் இல்லை. அரசாங்கம் அவ்வப்போது திரும்பிப் போகும் திட்டம் ஒன்றைத் திறக்கும். 2019 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை 700 வெள்ளி கட்டிப் போனார்கள். 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை நடந்த திட்டத்தில் கம்பவுண்ட் 500 வெள்ளி. வழக்கு இல்லை, சிறை இல்லை. 10,000 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் போகும் நேரத்தில் எது திறந்திருக்கிறது என்று வழக்கறிஞர் குடிநுழைவுத் துறையிடமே கேட்டுச் சொல்லட்டும். பாஸ்போர்ட்டுக்குக் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்று மட்டும் வாங்கினால் போக முடியும், அதை வைத்துத் திரும்ப முடியாது.

போகும்போது அவர் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போடுவார்களா, எத்தனை காலத்துக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி விமானம் ஏறவேண்டாம். பட்டியலில் போட்டாலும் நீக்கச் சொல்லி நீங்கள் மேல்முறையீடு எழுதலாம். அப்போது கையில் இருக்கவேண்டியது திருமணச் சான்றிதழ். அதற்கு நீங்கள் லீவு போட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகவேண்டும். அங்கே சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, ஒரு வார லீவில் முடியாது. பதிந்த பிறகு ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலோ, இங்கே திரும்பி ஜேபிஎன்னிலோ அந்தத் திருமணத்தைப் பதியவேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. அப்புறம்தான் மனைவிக்கான நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ். அதில் ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்றானதும், "போயிட்டு அடுத்த மாசமே டூரிஸ்டா திரும்பிடலாம்" என்று சொல்லிக்கொடுக்க ஆள் வருவார்கள். செய்யாதீர்கள். பெயர் பட்டியலில் இருந்தால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். உள்ளே வந்துவிட்டாலும் 31ஆம் நாள் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அதே மாதிரி, 8,000 வெள்ளி கொடுத்தால் பெர்மிட் அடித்துத் தருகிறேன் என்கிற ஏஜெண்டு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் போலி என்று தெரியாமலே இரண்டு ஆண்டு நிம்மதியாக இருந்த ஒரு பெண்ணுக்கு நான் வழக்காடியிருக்கிறேன். தங்கியது ஒரு குற்றம், போலி ஆவணம் இன்னொரு குற்றம். உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோனவனும் ஓர் ஏஜெண்டுதான்.

பிரிவு இருக்கும், தம்பி. மாதக் கணக்கில் இருக்கும், ஓராண்டைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. பிள்ளைகளுக்கு மலேசியப் பாஸ்போர்ட் இல்லாததால் அவர்களை அவரோடு அனுப்பவும் முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், வழக்கறிஞரைக் கேட்காமல் செய்யாதீர்கள். 15ஏ விண்ணப்பத்துக்கு அது பாதகமாகலாம். உங்கள் அம்மாவோ அக்காவோ வந்து கூட இருக்கமுடியுமா என்று இப்போதே பேசுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. நானும் தோட்டத்துப் பிள்ளை. என் பாட்டியின் அக்கா இங்கேயே பால் வெட்டிப் பிள்ளை பெற்றவர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தண்டல் பலமுறை சொல்லியும், "யார் நம்மளக் கேக்கப் போறா" என்று விட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் நம் தோட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள் பல்லாயிரம் பேர். அவரும் ரஜுலா கப்பலில் ஏறினார். தையல் மெஷினைப் பாட்டியிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். அந்த மெஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது.

இதெல்லாம் முடிவதற்குள் மனைவி பிடிபட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஓடவேண்டாம், பொய்ப் பெயர் சொல்லவேண்டாம். என்ன காரணத்துக்காகப் பிடிக்கிறார்கள் என்று கேட்கவும், வழக்கறிஞரைப் பார்க்கவும் அவருக்கு அரசமைப்பின் 5ஆவது பிரிவில் உரிமை உண்டு. குடியுரிமை இல்லாதவரை 14 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். மலாயில் எழுதிய வாக்குமூலம் புரியாவிட்டால், மொழிபெயர்ப்பாளர் வரும் வரை கையெழுத்துப் போடவேண்டாம். வழக்கறிஞரின் எண்ணை அவர் மனப்பாடம் செய்திருக்கவேண்டும், கைப்பேசியை முதலில் வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளைகளின் சான்றிதழ், கிளினிக் புத்தகம், பள்ளிக் கடிதம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு செட்டை உங்கள் அக்கா வீட்டில் வையுங்கள். யாருடைய பிள்ளை என்று காட்டக் காகிதம் இல்லாமல் நிற்கும் குழந்தையையும் தாயோடு சேர்த்துக் கொண்டுபோக வாய்ப்பு இருக்கிறது.

மகளிடம் என்ன சொல்வது என்றுதான் தொடங்கினீர்கள். 11 வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். குழாய்ச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். "அம்மாவோட பேப்பர் சரியில்லை, அப்பா சரி பண்ணப் போறேன், கொஞ்ச நாள் அம்மா ஊருக்குப் போகவேண்டி வரலாம், திரும்பி வர வழி இருக்கு" என்று அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அம்மா நிச்சயம் வந்துவிடுவார் என்று சத்தியம் செய்யாதீர்கள். பள்ளியில் யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றுவதைவிட, கஷ்டமாக இருந்தால் எந்த ஆசிரியையிடம் பேசலாம் என்று பெயர் சொல்லிக் காட்டுவது நல்லது.

உங்கள் கடிதம் முழுக்க உங்கள் குரல்தான் இருக்கிறது. மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. போவதா, எப்போது போவது என்பது அவர் வாழ்க்கை. முடிவு செய்யுமுன் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நான் எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பேசிவிட்டு, அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு உறுதிக் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் தாயின் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அதற்கு மனைவி வரவேண்டியதில்லை, அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு நீங்கள் போய்க் கேட்கலாம். திங்கட்கிழமை லோரிக்கு லீவு சொல்லிவிட்டு முதலில் அங்கே போங்கள்.